வாசல், சந்து, கொல்லை: ஆள் வந்தால் எரியும் விளக்குகள் பொருத்திய வேலைக் குறிப்பு

மனை 30க்கு 60 அடி, முக்கால் கிரவுண்டு. கிழக்குப் பார்த்த தரைத்தள வீடு. முன்னால் போர்டிகோ, வடக்கே மூன்றடி அகலச் சந்து, மேற்கே துவைக்கிற கல்லும் துணிக்கொடியும், தெற்குச் சுவரை ஒட்டி மொட்டை மாடிக்கு வெளிப்படிக்கட்டு, வடகிழக்கு மூலையில் போர் மோட்டார். சென்னைப் புறநகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த அமைப்பில் நாலு வீடு இருக்கும். அதனால் கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் அப்படியே பயன்படும்.

இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்த மூன்று 9 வாட் பல்புகளுக்குப் பதிலாக நாலு இடங்களில் சென்சார் விளக்கு போடுவதுதான் வேலை. மின்சாரச் செலவுக் கணக்கை முதலிலேயே பார்த்துவிடலாம். மூன்று பல்பும் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 19 யூனிட். சென்சார்கள் சும்மா விழித்திருக்கவே ஒவ்வொன்றும் அரை வாட் அளவுக்கு எடுக்கும். ஆறு சென்சாருக்கு இரண்டு மாதத்தில் நாலு யூனிட்டைத் தாண்டும். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு யூனிட். ஆக மிச்சம் 14 யூனிட்டை ஒட்டி. பில் பாதியாகும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். இருட்டாக இருந்த இடம் சட்டென்று வெளிச்சமானால் வீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், உள்ளே நுழைந்தவர் நின்றுவிடுவார். இரண்டு கையிலும் சாமானோடு வருபவர் சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. இதற்காகத்தான் சென்சார்.

கண்ணும் விளக்கும் தனித்தனி

கடையில் கேட்டால் விளக்கும் சென்சாரும் ஒரே உடம்பாக இருப்பதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மாட்டுவது சுலபம். ஆனால் விளக்கு நன்றாக வெளிச்சம் தரும் இடமும் சென்சார் ஆளை நன்றாகப் பிடிக்கும் இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். விளக்கு உயரத்தில், பாதையைப் பார்த்து இருக்க வேண்டும். சென்சார் ஏழடி உயரத்தில், பாதைக்குக் குறுக்கே பார்க்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டையும் தனித்தனியாக வாங்கச் சொல்கிறோம். விளக்கு கெட்டால் விளக்கை மட்டும், சென்சார் கெட்டால் சென்சாரை மட்டும் மாற்றலாம் என்பது கூடுதல் லாபம்.

குறுக்கே பார்ப்பது ஏன் முக்கியம்? இங்கே போட்டிருப்பது பிஐஆர் என்ற வகைச் சென்சார். அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே இரண்டு உணர்தகடுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். முன்னால் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ், எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்புபோலப் பல பட்டைகளாகப் பிரித்து அந்தத் தகடுகள்மேல் போடுகிறது. ஆள் குறுக்கே நடந்தால் வெப்பம் ஒரு தகட்டில் விழுந்து அடுத்ததற்குத் தாவும். உடனே விளக்கு எரியும். ஆள் நேராகச் சென்சாரை நோக்கி நடந்து வந்தால் ஒரே பட்டைக்குள்ளேயே வருகிறார். இரண்டு தகட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. குறுக்கே நடந்தால் பிடிக்கும் தூரத்தில் பாதிகூடக் கிடைக்காது. “கேட்டைத் திறந்து படியேறுகிறவரை எரியவே மாட்டேன் என்கிறது” என்ற புகாரில் பெரும்பாலும் பொருளின்மேல் குற்றம் இருக்காது. வாசற்கதவுக்கு மேலே, கேட்டைப் பார்த்து மாட்டியிருப்பார்கள்.

இந்த வீட்டில் போர்டிகோவின் தெற்குத் தூணில், ஏழடி உயரத்தில், வடக்கே பார்த்தபடி சென்சார். கேட்டிலிருந்து வாசலுக்கு வருபவர் யாரானாலும் அதன் கண்ணைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். விளக்கு 10 வாட், போர்டிகோ கூரையில்.

பெட்டியில் போட்டிருக்கும் 12 மீட்டர்

பெரும்பாலான பெட்டிகளில் “12 மீட்டர்” என்று பெரிதாகவும், “24 டிகிரிக்குக் கீழ்” என்று பொடியாகவும் அச்சிட்டிருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் நமக்கு வேண்டியது. சென்சார் பார்ப்பது ஆளுக்கும் அவருக்குப் பின்னால் உள்ள சுவர், தரைக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தை. மே மாதம் சென்னையில் விடியற்காலைகூட 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். பகலெல்லாம் வெயில் குடித்த காம்பவுண்டுச் சுவர் இரவு எட்டு மணிக்கு அதைவிடச் சூடாக இருக்கும். தோலின் வெப்பமே 33, 34 டிகிரிதான். உடுத்திய துணியின் வெளிப்பக்கம் அதற்கும் கீழே. வித்தியாசம் ஐந்து டிகிரிகூடத் தேறாது. அதனால் 12 மீட்டர் என்று போட்டிருந்தால் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டு இடம் குறியுங்கள்.

இதே கணக்கு மார்கழியில் தலைகீழாகும். சித்திரையில் கஷ்டப்பட்டு முழு உணர்திறனில் வைத்த சென்சார், டிசம்பர் குளிரில் எதிர்வீட்டு வாசலில் நடக்கும் நாயைக்கூடப் பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறை, கோடை தொடங்கும்போதும் ஐப்பசி மழை முடிந்த பிறகும், சென்சாரில் உள்ள உணர்திறன் திருகை மாற்றி வைக்க வேண்டும். ஏணி போட்டு எட்டக்கூடிய உயரத்தில் மாட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைக்ரோவேவ் அல்லது ரேடார் என்று விற்கும் சென்சாருக்கு இந்தக் கோடைத் தொல்லை இல்லை. அது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்தைப் பார்க்கிறது. ஆனால் கண்ணாடி, பிளைவுட், மெல்லிய சுவர் எல்லாவற்றையும் அது ஊடுருவும். தெருவில் போகும் பைக்குக்கும், மழைக்கும், ஆடும் வாழை இலைக்கும் எரியும். தெருப்பக்கமும் தோட்டப் பக்கமும் அதை வைக்காதீர்கள். மூடிய மாடிப்படி, நாலு பக்கமும் சுவருள்ள கார் ஷெட் ஆகிய இடங்களில் மட்டும் அது நல்ல தேர்வு.

வாங்கியவை

180 டிகிரி சுவர் வகை பிஐஆர் சென்சார் 6, மூன்று ஒயர் வகை, ரிலே (விளக்கைப் போட்டு அணைக்கும் உள் சுவிட்ச்) உள்ளது. கேட்டுக்கு 10 வாட் விளக்கு 1. சந்துக்கு 7 வாட் பல்க்ஹெட் (மூடியுள்ள சுவர் விளக்கு) 2, படிக்கட்டுக்கு அதே 7 வாட் 2. கொல்லைக்கு 20 வாட் ஃப்ளட் லைட் 1. பகல் இரவு அறியும் போட்டோசெல் சுவிட்ச் 1. ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயர் சிவப்பு, கறுப்பு, பச்சை ஒவ்வொன்றும் 40 மீட்டர், சென்சாரிலிருந்து விளக்குக்குப் போக மஞ்சள் 25 மீட்டர். 20 மி.மீ. பிவிசி பைப், மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸ் 6, லீவர் கனெக்டர் 25, சுவரில் செருகும் 6 மி.மீ. பிளக்கும் 35 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் இரண்டு டஜன், 6 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) 1.

இரண்டு ஒயர் சென்சார் வேண்டாம். அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்புக்கு அது சரி. எல்இடி விளக்கோ அந்தச் சின்னக் கசிவுக்கே மங்கலாக எரியும், அல்லது விட்டுவிட்டு மினுங்கும்.

மழை நேராக விழும் இடத்தில் விளக்கின் தூசி, தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபி 65 இருக்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் ஐபி 44 போதும். சன்ஷேடின் அடிப்பாகம் லிண்டல் மட்டத்தில், ஏழடியில் இருப்பதால் சென்சாருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மழையும் படாது, உச்சி வெயிலும் லென்ஸைச் சுடாது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பெயின்ட் அடித்த அலுமினிய உடம்பு சில வருடங்களில் பொரிந்து உரிந்துவிடும்; பாலிகார்பனேட் உடம்பு வாங்குவது நல்லது.

நிறம் 3000 கெல்வின், மஞ்சள் கலந்த வெள்ளை. 6500 கெல்வின் வெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், கூடவே பூச்சிகளையும் அதிகம் இழுக்கும். பூச்சி வந்தால் பல்லி வரும். பல்லி லென்ஸ்மேல் ஓடினால் விளக்கு எரியும், எரிந்த விளக்குக்கு மேலும் பூச்சி வரும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் நாளில் இந்தச் சுழலை நன்றாகப் பார்க்கலாம். நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் கடலைப் பார்த்து வீடு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து நகரும். கடல் பக்கம் விளக்கே வேண்டாம். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தரையை மட்டும் பார்க்கும்படி மறைப்புப் போடுங்கள்.

ஒயரிங்

மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இந்தச் சர்க்யூட் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு (மின்கசிவு ஏற்பட்டால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச்) கீழே வர வேண்டும். வெளிச்சுவரில் மழையில் நனையும் பொருளுக்கு இது இல்லாமல் வேலை செய்யவே கூடாது. உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுவதில் தயக்கம் வேண்டாம்.

மூன்று ஒயர் சென்சாரில் வழக்கமாகப் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்புதான் ஃபேஸ் என்பதால் குழப்பம் இங்கேதான் நேர்கிறது. சென்சாரின் சிவப்பை வீட்டுச் சிவப்போடு சேர்த்துவிட்டால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், சென்சார் பழுதென்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்த பிறகே இணையுங்கள்.

அடுத்த சிக்கல் நியூட்ரல். பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டுக்கு ஃபேஸ் வரும், அங்கிருந்து விளக்குக்கு ஒரு ஒயர் போகும்; நியூட்ரல் நேராக ஹோல்டருக்கே போயிருக்கும். ஆகவே சுவிட்ச் பாக்ஸில் சென்சாரை இணைக்கப் பார்த்தால் முடியாது. விளக்குப் பாயின்டிலிருந்து மூன்று ஒயர் இழுத்துச் சென்சாருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியே அந்தப் பாயின்டில் நியூட்ரல் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அங்கே எல்இடி அணைந்த பிறகும் பேய்போல மங்கலாகத் தெரியும்.

இரண்டு சுவிட்ச் கட்டாயம். ஒன்று சென்சாருக்கு வரும் ஃபேஸை வெட்ட. மற்றது சென்சாரைத் தாண்டி ஃபேஸை நேராக விளக்குக்குக் கொடுக்க. விசேஷ நாளில் வாசல் விளக்கு விடிய விடிய எரிய வேண்டியிருக்கும். சென்சார் பழுதான அன்றும் இருட்டில் நிற்க வேண்டியதில்லை.

சந்துக்கு இரண்டு சென்சார். நாற்பதடி நீளச் சந்தின் ஒரு முனையில் ஒன்றை மாட்டி, நீளவாக்கில் பார்க்கவிட்டால் ஆள் நேராகத்தான் வருவார். மேலே சொன்ன அதே கோளாறு. அதனால் இரு முனையிலும் வீட்டுச் சுவரில் ஒவ்வொன்று, எதிரே உள்ள காம்பவுண்டைப் பார்த்தபடி. முனையில் கால் வைத்தவுடன் ஆள் குறுக்கே கடக்கிறார். இரண்டின் விளக்கு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு பல்க்ஹெட்டுக்கும் கொடுத்தால், எந்தப் பக்கம் நுழைந்தாலும் சந்து முழுக்க வெளிச்சம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மும்முனை இணைப்புள்ள வீட்டில் இரண்டு சென்சாரும் ஒரே ஃபேஸிலிருந்து வர வேண்டும். வேறு வேறு ஃபேஸில் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டால் 415 வோல்ட்டுக்கு நேரடி ஷார்ட். அடுத்தது, முதல் சென்சார் விளக்கைப் போட்டதும் இரண்டாவது அந்த வெளிச்சத்தைப் பகல் என்று எடுத்துக்கொண்டு ஆளைக் கவனிக்காது. நடுச்சந்தில் போகும்போது விளக்கு அணைந்துவிடும். இதற்காகத்தான் போட்டோசெல். எவ்வளவு இருட்டானால் வேலை செய்ய வேண்டும் என்று வைக்கும் லக்ஸ் திருகை இரண்டு சென்சாரிலும் சூரியன் படம் உள்ள கோடிக்குத் திருப்பிவிட்டு, இரவு பகல் பார்க்கும் வேலையை முன்னால் உள்ள போட்டோசெல்லிடம் ஒப்படைத்தோம். அதைச் சந்து விளக்கும் தெருவிளக்கும் படாத மேற்குச் சுவரின் மேல்பகுதியில் வைத்தாயிற்று. படிக்கட்டில் கீழே ஒன்று, திருப்பத்தில் ஒன்று. அவற்றின் ஃபேஸும் அதே போட்டோசெல் வழியாகத்தான்.

பைப் சென்சாருக்கு மேலிருந்து வரக்கூடாது. மழைத் தண்ணீர் பைப் வழியே இறங்கி நேராக உள்ளே போகும். கீழிருந்து வரட்டும், அல்லது ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். சிலிகானை மேல்விளிம்பிலும் இரு பக்கமும் மட்டும் பூச வேண்டும். அடியிலும் பூசி அடைத்துவிட்டால் உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சர்க்யூட் பலகையை அரிக்கும்.

இன்வெர்ட்டரும் மோட்டாரும்

கரண்ட் போய் வந்ததும் சென்சார் விளக்குகள் எல்லாம் அரை நிமிடம் தானாக எரியும். அது கோளாறு இல்லை, சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம். மோட்டார் போடும்போதெல்லாம் விளக்கு எரிந்தால் மட்டும் கவனியுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கி, சென்சார் அணைந்து மறுபடி விழிக்கிறது. விளக்குச் சர்க்யூட்டை மோட்டார் லைனிலிருந்து பிரித்துவிட்டால் பெரும்பாலும் தீரும்.

இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கும்முன் அது ப்யூர் சைன் வேவ்தானா என்று பாருங்கள். மலிவான சென்சாருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கபாசிட்டரே 230 வோல்ட்டைக் குறைக்கிறது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு விளிம்பிலும் அந்தக் கபாசிட்டர் வழியே மின்சாரம் குபீரென்று பாயும். பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர் கருகும். மின்தடை அதிகமான ஊர்களில் சென்சார்கள் சீக்கிரம் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விளக்கு அணையாமலே நின்றுவிட்டால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்சாரின் ஃபேஸை வெட்டியும் எரிகிறதா, இல்லையா என்று பார்க்காதீர்கள், அது எதையும் காட்டாது. சென்சாரைத் தாண்டிப் போகும் நேர் சுவிட்ச் அணைந்திருக்க, லென்ஸைக் கெட்டி அட்டையால் முழுக்க மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். அப்படியும் அணையாவிட்டால் ரிலே போய்விட்டது. எல்இடி டிரைவர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் அதன் வாட்டைவிடப் பல மடங்கு. பெட்டியில் 1200 வாட் என்று போட்டிருப்பது குண்டு பல்புக்கு. எல்இடிக்குத் தனியாக 300 வாட் என்பதுபோல் ஒரு எண் இருக்கும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நடந்து பார்த்தல்

மூன்று திருகுகள்: லக்ஸ், நேரம், உணர்திறன். பகலிலேயே லக்ஸைச் சூரியன் பக்கமும் நேரத்தைக் குறைந்தபட்சத்திலும், சுமார் பத்து நொடி, வைத்துக்கொள்ளுங்கள். சந்துக்கும் படிக்கட்டுக்கும் பகலில் மின்சாரம் வர, போட்டோசெல்லை மூடிவிடுங்கள். ஒருவர் நடக்க, எரியும் இடத்தில் எல்லாம் மற்றொருவர் தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விளக்கு அணைந்து ஐந்து நொடி கழித்துத்தான் அடுத்த நடை. அவசரப்பட்டால் பிடிக்கவில்லை என்று தப்பாக நினைப்பீர்கள். தெருவில் நடப்பவருக்கு எரிந்தால் சென்சாரின் தலையைக் கீழே சாய்த்துவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் லென்ஸில் அந்தப் பக்கத்துப் பட்டைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடலாம். இந்த வீட்டில் கேட் சென்சாரின் வலது ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் டேப் ஒட்டியதும் தெரு நாய்களுக்கு எரிவது நின்றது.

கேட்டுக்கும் கொல்லைக்கும் போட்டோசெல் இல்லாததால் அங்கே லக்ஸைச் சாயங்காலம்தான் வைக்க முடியும். விளக்கு தேவைப்படும் இருட்டு வந்ததும், நிலா பக்கத்திலிருந்து மெல்லத் திருப்பி, எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எரிவதும் அணைவதுமாகத் தாளம் போட்டால், எதிரே உள்ள வெள்ளைச் சுவரில் பட்ட வெளிச்சம் சென்சாருக்கே திரும்புகிறது என்று பொருள். விளக்கைத் திருப்புங்கள், அல்லது சென்சாரை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

நேரம்: கேட் ஒரு நிமிடம், சந்து ஒன்றரை, படிக்கட்டு இரண்டு. கொல்லைக்கு ஐந்து நிமிடம். பாத்திரம் துலக்க உட்காருபவர் கையை மட்டும்தான் அசைப்பார். அந்தச் சின்ன அசைவைச் சென்சார் தவறவிடும். ஒரு நிமிடத்தில் வைத்தால் சோப்புக் கையோடு எழுந்து நின்று கையை ஆட்ட வேண்டியிருக்கும்.

கொல்லையில் தானாக எரிந்துகொண்டே இருந்ததற்கு இரண்டு காரணம் கண்டோம். ஏசியின் வெளி யூனிட் ஊதும் அனல், கொடியில் ஆடும் துணி. சென்சாரை ஏசி யூனிட்டின் அதே சுவரில், அதற்கு மூன்று மீட்டர் தள்ளி மாற்றியதும் முதலாவது தீர்ந்தது. கொடியைச் சென்சாரின் பார்வைக்கு வெளியே இரண்டடி நகர்த்தியதில் மற்றதும் போனது. ஃப்ளட் லைட்டை நன்றாகத் தரையை நோக்கிச் சாய்த்தாயிற்று, பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் விழாமல்.

சிசிடிவி கேமரா இருந்தால் விளக்கு அதற்குப் பின்னாலோ மேலேயோ வர வேண்டும். கேமராவைப் பார்த்து எரிந்தால் வந்தவர் முகம் கறுப்பாகத்தான் பதியும்.

சோலார் எங்கே ஒத்துவரும்

ஒயர் போகாத பின் கேட், தோட்டத்துக் கோடி ஆகிய இடங்களில் மட்டும். 3.7 வோல்ட், 1200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் மொத்தம் 4.4 வாட் மணி. 5 வாட்டில் எரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இருபது நொடி வீதம் என்றால் 150 தடவை. வீட்டுக்காரர் தேவைக்கு அது போதும். ஆனால் இரவெல்லாம் மங்கலாக எரியும் முறையில் வைத்தால் நள்ளிரவுக்கு மேல் நம்ப முடியாது. பேனல் நேரடி வெயிலில் இருக்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் மாட்டினால் ஒரு வாரத்தில் செத்துக் கிடக்கும். பேனலே இருட்டு அறியும் கண்ணும் என்பதால் தெருவிளக்கு அதன்மேல் விழுந்தால் எரியவே எரியாது. வெயிலில் வேகும் நம் ஊருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், வருடக்கணக்கில் கூடுதலாக உழைக்கும்.

மாதம் ஒருமுறை லென்ஸை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சிலந்தி வலையை எடுத்துவிட வேண்டும். தின்னரோ பெட்ரோலோ பட்டால் லென்ஸின் மெல்லிய வரிகள் கெட்டு சென்சார் குருடாகலாம். மழைக்காலத்துக்கு முன் ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். பைப்பின் திறந்த வாய் வழியாகத்தான் எறும்பு வரும், பஞ்சும் எம்சீலும் வைத்து அதை அடைத்தால் போதும்.